சிவந்தால் மருதாணி. கறுத்தால்?

கொஞ்சம் நீளமான இழை மக்களே. டீயோ காபியோ கையில் எடுத்துக்கிட்டு உட்காருங்க. தலைக்கு மருதாணி போடுறவங்க, போடலாமான்னு யோசிக்கிறவங்க, வீட்டு அலமாரியில் "ஹெர்பல்" என்று எழுதின ஹேர் டை பாக்கெட் வைத்திருக்கிறவங்க எல்லாருக்கும் இது.

போன வாரம் திருச்சியிலிருந்து ஒரு அம்மா இன்பாக்ஸில் கேட்டிருந்தாங்க. மகன் ஜெர்மனியில் வேலை. மருமகளும் அந்த ஊர்ப் பெண்தான். வெளிர் பொன்னிற முடி. விடுமுறைக்கு வந்தவங்களுக்குக் கொல்லையில் நிற்கிற மருதாணியைப் பறித்து அரைச்சு கையில் வைத்துவிட்டிருக்காங்க. மறுநாள் காலையில் கை சிவந்ததைப் பார்த்த மருமகளுக்கு ஒரு ஆசை. இதே சிவப்பை என் தலைமுடியில் லேசாகக் கொண்டு வர முடியுமா?

"எனக்கு பயமா இருக்கு டாக்டர். கேரட் மாதிரி ஆகிட்டா அவங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

நியாயமான பயம். பதில் சொல்றேன்.

அதே வாரம் என் கிளினிக்குக்கு இன்னொரு அம்மா வந்தாங்க. ஐம்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியை (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மகன் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது நரையை மறைக்க "பிளாக் ஹென்னா" போட்டிருக்காங்க. முதல் நாள் இரவு தலையில் அரிப்பு. மறுநாள் நெற்றி வீங்கி, அந்த வீக்கம் கண்ணுக்கு இறங்கி, என் முன்னால் உட்கார்ந்தபோது இரண்டு கண்ணும் கோடு மாதிரிதான் தெரிந்தது. காதுக்குப் பின்னால் நீர் கோத்த கொப்புளங்கள். தலையெல்லாம் கசிவு.

அவங்க கேட்ட முதல் கேள்வி: "மருதாணி எனக்கு ஒத்துக்காதா டாக்டர்? சின்ன வயசிலிருந்து கையில வைக்கிறேனே?"

நான் சொன்ன பதில்: "அம்மா, நீங்க தலையில போட்டது மருதாணியே இல்லை."

ஒருத்தங்க மருதாணியின் சிவப்பைப் பார்த்து பயப்படுறாங்க. இன்னொருத்தங்க மருதாணி பெயரில் வந்த கறுப்பை நம்பிப் போட்டுக்கிட்டாங்க. நம்ம ஊரில் பயமும் நம்பிக்கையும் இடம் மாறி உட்கார்ந்திருக்கு என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்றேன் என்று பார்க்கலாம்.

முதலில் இந்த இலை என்ன செய்கிறது என்று புரிஞ்சுக்கணும்.

மருதாணி இலையில் லாசோன் என்ற நிறமி இருக்கு. காய்ந்த இலையின் எடையில் ஏறத்தாழ ஒரு சதவீதம், சில இலைகளில் கொஞ்சம் கூட, சிலதில் கொஞ்சம் குறைவு. இதன் நிறம் சிவப்பு கலந்த ஆரஞ்சு. அது மட்டும்தான். கறுப்பு மருதாணி, பிரவுன் மருதாணி, பர்கண்டி மருதாணி என்று செடியில் வகை எதுவும் கிடையாது. ராஜஸ்தானில் சோஜத் என்ற ஊர் மருதாணிக்குப் பேர் போனது, 2021-ல் புவிசார் குறியீடே வாங்கிருச்சு. அங்கே விளைகிறதும் சிவப்புதான், உங்க வீட்டுக் கொல்லையில் நிற்கிறதும் சிவப்புதான்.

நம்ம தோலின் மேலடுக்கிலும் முடியிலும் கெரட்டின் என்ற புரதம் இருக்கு. லாசோன் அந்தப் புரதத்தோடு வேதிப் பிணைப்பு போட்டு ஒட்டிக்கும். கையில் போட்ட சிவப்பு இரண்டு வாரத்தில் போய்விடுவது ஏன்? தோல் தன் மேலடுக்கைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கிட்டே இருக்கும், நிறமும் கூடவே உதிர்ந்துடும். உள்ளங்கையில் இந்த இறந்த அடுக்கு தடிமன் அதிகம், அதனால்தான் புறங்கையைவிட அங்கே அடர்த்தியாகப் பிடிக்கும். (கை நல்லா சிவந்தா வரப்போற மாப்பிள்ளை ரொம்பப் பாசமா இருப்பான் என்று சொல்வாங்க. தோல் தடிமனுக்கும் மாப்பிள்ளைக்கும் சம்பந்தம் இருக்கிறதா எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்கலை.)

முடி கதை வேற. வெளியே தெரிகிற முடி உயிரில்லாத நார். அது தோல் மாதிரி அடுக்கு அடுக்காக உதிராது. அதனால் முடியில் பிடித்த மருதாணி அந்த முடி இருக்கிற வரை இருக்கும். லேசாக மங்கலாம், முழுசாகப் போகாது. மாதத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர் புது முடி வேரிலிருந்து வளர்ந்து வரும்போதுதான் உங்க பழைய நிறம் திரும்பத் தெரியும். "பிடிக்கலைன்னா ரெண்டு தடவை ஷாம்பு போட்டா போயிடும்" என்று யாராவது சொன்னா நம்பாதீங்க.

அடுத்தது முக்கியம். மருதாணி ஏற்கெனவே இருக்கிற நிறத்தை அழிக்காது, அதன் மேல் தன் நிறத்தைச் சேர்க்கும், அவ்வளவுதான். வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்தினா ஊருக்கே தெரியும். அதே சாம்பார் கறுப்பு பேன்ட்டில் சிந்தினா யாருக்குத் தெரியும்? கருகரு முடியில் மருதாணி போட்டால் வீட்டுக்குள் ஒன்றும் தெரியாது, வெயிலில் நிற்கும்போது ஒரு செம்பு மினுமினுப்பு வரும். வெள்ளை முடியில் போட்டால் பளீரென்று ஆரஞ்சு. இடைப்பட்ட வெளிர் முடியில், அதாவது பொன்னிறமோ, பழுப்போ, நம்ம ஊரில் "செம்பட்டை" என்று கிண்டல் பண்ற அந்த நிறமோ இருந்தால், எவ்வளவு நேரம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து இளஞ்சிவப்பிலிருந்து அடர் செம்பு வரை எது வேணும்னாலும் வரும்.

அதனால் திருச்சி அம்மாவுக்கு என் பதில்: லேசான சிவப்பு வரவைக்க முடியும். ஆனா கைக்குப் போடுற மாதிரி ராத்திரி முழுக்க வைத்தால் நீங்க பயந்த கேரட்தான் வரும். வெளிர் முடிக்குப் போடும்போது நேரத்தில்தான் எல்லாம் இருக்கு.

நேராகத் தலையில் போடாதீங்க. மருமகளின் சீப்பில் உதிர்ந்து கிடக்கிற முடியைச் சேர்த்துச் சின்னச் சின்ன கற்றையாக நூலால் கட்டுங்க. நாலு கற்றை போதும். அரைத்த மருதாணியில் நாலையும் முக்கி வைத்து, முதலாவதைப் பத்து நிமிஷத்தில் எடுங்க, அடுத்ததை இருபதில், அடுத்ததை நாற்பதில், கடைசியை ஒன்றரை மணி நேரத்தில். தண்ணீரில் அலசி வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டி வையுங்க.

அப்புறம் இரண்டு நாள் சும்மா இருங்க. இதைத்தான் யாரும் செய்ய மாட்டாங்க. அலசியதும் தெரிகிற நிறம் கடைசி நிறம் கிடையாது. காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டு 24 முதல் 48 மணி நேரத்தில் நிறம் அடர்த்தியாகி நிலைபெறும். கையில் வைக்கும்போது பார்த்திருப்பீங்களே, எடுத்ததும் ஆரஞ்சு, மறுநாள்தான் சிவப்பு. தலையிலும் அதேதான். எடுத்த உடனே கண்ணாடியைப் பார்த்து "ஐயோ ஆரஞ்சு" என்று அலறி, அதை மறைக்க மேலே இன்னொரு கெமிக்கல் டை போட்டுத் தோலைப் புண்ணாக்கிக்கிட்டு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன். இரண்டு நாள் பொறுத்திருந்தால் நிறம் தானாகவே அடங்கியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து நாலு கற்றையையும் வெயிலில் வைத்துப் பாருங்க. மருமகளே தன் நிறத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்தக் கற்றைக்கு எத்தனை நிமிஷமோ, தலைக்கும் அத்தனை நிமிஷம். இன்னும் மெலிதான சாயல் வேணும்னா மருதாணி விழுதில் பாதிக்குப் பாதி கட்டித் தயிரோ கண்டிஷனரோ கலந்து போடலாம், நிறமியின் அடர்த்தி குறையும். அந்தக் கலவையையும் ஒரு கற்றையில் முதலில் போட்டுப் பார்த்துடுங்க. முடியில் எண்ணெய் இருக்கக் கூடாது, எண்ணெய் இருக்கிற இடத்தில் பிடிக்காமல் திட்டுத்திட்டாக வரும். பார்லரில் ஏற்கெனவே பிளீச் செய்த முடியாக இருந்தால் எச்சரிக்கை, அந்த முடி பஞ்சு மாதிரி நிறத்தை உறிஞ்சும், பத்து நிமிஷமே அதிகமாகப் போகலாம்.

ஒருமுறை போட்டு நிறம் பிடித்துவிட்டால் அடுத்த முறை வேர்ப்பகுதிக்கு மட்டும் போடச் சொல்லுங்க. ஒவ்வொரு முறையும் முழு முடிக்கும் போட்டால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து, லேசான சிவப்பு என்று ஆரம்பித்தது ஒரு வருஷத்தில் செங்கல் நிறத்தில் நிற்கும்.

எலுமிச்சைச் சாறு பற்றி எப்பவும் கேட்பாங்க. லேசான புளிப்பு இலையிலிருந்து நிறமி வெளிவர உதவும் என்பது உண்மைதான். அதுக்காக நாலு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் தலைத்தோல் எரியும், முடி வறளும். பொடியைக் கரைக்க வெறும் தண்ணீர் போதும், வேணும்னா ஒரு கரண்டி தயிர். நம்ம வெயிலுக்கு நாலஞ்சு மணி நேரம் ஊறினாலே விழுதின் மேல்பக்கம் பழுப்பாகி நிறம் விட்டிருக்கும். பச்சை இலையை அரைத்தால் அந்தக் காத்திருப்பும் பெரிசா தேவையில்லை.

பொன்னிற முடிக்கு இவ்வளவு போதும். இனி நம்ம வீட்டு வெளிர் முடிக்கு வருவோம். நரையைத்தான் சொல்றேன்.

தலையில் பத்தில் இரண்டு மூன்று முடி நரைத்தவங்களுக்கு மருதாணி ரொம்ப அழகான தீர்வு. வெள்ளை முடிகள் மட்டும் செம்பாகும், மற்ற முடி கறுப்பாகவே இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பார்லரில் காசு கொடுத்து ஹைலைட் பண்ணின மாதிரி இருக்கும். முக்கால்வாசி நரைத்த தலைக்கு மருதாணி மட்டும் போட்டால் தலை முழுக்க ஆரஞ்சுதான். எங்க ஊர்ப் பள்ளிவாசல் வாசலில் மருதாணி போட்ட தாடியோடு உட்கார்ந்திருக்கிற பெரியவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அவங்க யாரும் அந்த நிறத்துக்காக வெட்கப்பட்டதில்லை, கம்பீரமாகத்தான் இருப்பாங்க. ஆனா எல்லாருக்கும் அந்த மனசு வராது. ஆபீஸ் போறவங்களுக்கு, கல்யாண வீட்டில் முன்வரிசையில் நிற்கிறவங்களுக்குக் கறுப்புதான் வேணும்.

இந்த ஆசையை நான் குறை சொல்லலை. நாற்பது வயசில் நரைத்த பெண்ணைப் பார்த்து "என்னடி இப்படிக் கிழவி ஆயிட்டே" என்று கேட்கிற சமூகம் இது. ஆம்பளைக்கு நரைத்தால் "சால்ட் அண்ட் பெப்பர்" என்று பேர் வைத்து ரசிப்பாங்க. டையின் பாதி வியாபாரம் அந்தக் கேள்வியில்தான் நடக்குது.

மருதாணி கறுக்காது. ஜனங்களுக்குக் கறுப்பு வேணும். ஆனா "கெமிக்கல்" என்ற வார்த்தை பயமாக இருக்கு, "மருதாணி" என்ற வார்த்தை அம்மா மாதிரி இருக்கு. இந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்த பொருள்தான் "பிளாக் ஹென்னா". அதில் மருதாணிப் பொடி கொஞ்சம் இருக்கும், பெயருக்கு. கறுக்க வைக்கிற வேலையைச் செய்வது பாரா ஃபினைலீன் டையமின், சுருக்கமாக பி.பி.டி.

பி.பி.டி. ஒன்றும் ரகசியப் பொருள் கிடையாது. உலகம் முழுக்க நிரந்தரக் கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் அதுவோ அதன் பங்காளிகளோதான் இருக்கு. ரொம்பச் சின்ன மூலக்கூறு. முடிக்குள் சுலபமாக நுழைந்து, ஆக்சிஜனேற்றம் நடந்து, பெரிய நிறமி மூலக்கூறாக மாறி உள்ளேயே தங்கிடும். அதனால்தான் கறுப்பு அவ்வளவு உறுதியாக நிற்குது. அந்த மாற்றம் நடக்கிற வழியில் உருவாகிற இடைநிலைப் பொருட்கள் நம்ம தோல் புரதத்தோடும் ஒட்டிக்கும். சிலருடைய எதிர்ப்பு மண்டலம் அதைப் பகைவனாகப் பதிவு பண்ணி வைத்துவிடும்.

அந்தப் பதிவு ஒருமுறை விழுந்துட்டா லேசில் அழியாது. பத்து வருஷம் இதே டையைப் போட்டேன், ஒன்றும் ஆகலையே என்பீங்க. அலர்ஜி பதினோராவது வருஷம் வரும். டீச்சருக்கும் அப்படித்தான். ஆறு வருஷமாக அதே பொருளைத்தான் போட்டுக்கிட்டிருந்தாங்க. வழக்கமாக 24 முதல் 72 மணி நேரத்தில் அரிப்பு, சிவப்பு, கசிவு, கண் இமை வீக்கம் வரும். டையைத் தலையில் போட்டு முகம் ஏன் வீங்குது என்று கேட்பாங்க. தலைத்தோல் தடிமன், இமைத்தோல் மெல்லிசு. வீக்கம் மெல்லிசான இடத்தில்தான் முதலில் காட்டும்.

அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் வருஷா வருஷம் ஒரு பொருளை "இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று அறிவிப்பாங்க. 2006-ல் அந்தப் பட்டம் வாங்கியது பி.பி.டி. தான்.

இன்னும் பின்னால் போனால் 1933. அமெரிக்காவில் இமை முடிக்கும் புருவத்துக்கும் பூசுகிற "லாஷ் லூர்" என்ற சாயம். அதில் பி.பி.டி. இருந்தது. அழகு நிலையத்தில் அதைப் போட்டுக்கிட்ட ஒரு பெண்ணுக்குக் கண் பார்வையே போனது, இன்னொருவர் இறந்தே போனார். அன்றைக்கு அந்த நாட்டில் இந்தப் பொருளைக் கடையிலிருந்து எடுக்கவைக்கச் சட்டம் இல்லை. 1938-ல் அழகுசாதனப் பொருட்களையும் சேர்த்து ஒரு சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அதை அப்புறப்படுத்த முடிந்தது.

நம்ம நாட்டில் சட்டம் இருக்கு. பி.பி.டி. உள்ள ஹேர் டையில் ஒரு எச்சரிக்கை கட்டாயம் அச்சிடணும் என்று விதி. சிலருக்குத் தோல் எரிச்சல் வரலாம், முதலில் சோதித்துப் பாருங்க, இமைக்கும் புருவத்துக்கும் போடாதீங்க, பார்வை போகலாம் என்பதுதான் அதன் சாரம். ஆங்கிலத்தில் மட்டும் போட்டாலும் போதாது, உள்ளூர் மொழியிலும் இருக்கணும், படிக்கிற மாதிரி இருக்கணும், வெளி அட்டையிலும் உள் உறையிலும் இருக்கணும்.

இப்ப எழுந்து போய் உங்க அலமாரியில் இருக்கிற பாக்கெட்டை எடுத்துப் பாருங்க. முன்பக்கம் பச்சை இலை, நெல்லிக்காய், செம்பருத்தி, நீளமான கூந்தல். "ஹென்னா" கட்டை விரல் அளவு எழுத்தில். திருப்பினால் எச்சரிக்கை எறும்பு சைஸில். என் கண்ணுக்கே கண்ணாடி போட்டால்தான் தெரியுது. ஹேர் டை வாங்குறவங்களில் பெரும்பாலானவங்க வெள்ளெழுத்து வந்த வயசுக்காரங்க என்பது தயாரிக்கிறவங்களுக்குத் தெரியாதா?

என் கருத்தை நேராகவே சொல்றேன். பி.பி.டி. உள்ள டையைத் தடை பண்ணச் சொல்லலை. அலர்ஜி இல்லாத கோடிக்கணக்கானவங்க அதைப் போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க. தெரிஞ்சு, சோதித்துப் பார்த்துப் போடுறது அவங்க உரிமை. ஆனா பி.பி.டி. உள்ள பொருளின் முன்பக்கத்தில் "ஹென்னா" என்ற சொல்லும் மருதாணி இலைப் படமும் இருக்கக் கூடாது. டீச்சர் படித்தவங்க. பின்பக்கத்தைப் படிக்காமல் விட்டதுக்குக் காரணம் சோம்பல் இல்லை, முன்பக்கத்தில் மருதாணி என்று இருந்ததால்தான். மருதாணிக்கு யாராவது டெஸ்ட் எடுத்துப் பார்ப்பாங்களா?

கோன் பற்றியும் சொல்லணும். கல்யாண வீட்டிலும் பொருட்காட்சியிலும் பிள்ளைங்க கையில் "கறுப்பு மெஹந்தி" போட்டு விடுறாங்க. பத்து நிமிஷத்தில் கருகருவென்று பிடிக்கும். இலையால் அந்த வேகமும் முடியாது, அந்த நிறமும் முடியாது. ஐரோப்பாவில் தலைச்சாயத்துக்கே பி.பி.டி. 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, நேரடியாகத் தோலில் போட அனுமதியே கிடையாது. கறுப்பு கோன்களைப் பல நாடுகளில் பரிசோதித்தபோது அதைவிடப் பல மடங்கு இருந்திருக்கு. பத்து வயசுப் பிள்ளையின் கையில் அந்தப் படம் ஒரு வாரத்தில் அழிஞ்சிடும். எதிர்ப்பு மண்டலத்தில் விழுந்த பதிவு அழியாது. அந்தப் பிள்ளை நாற்பது வயசில் முதன்முதலாக டை போடும்போது முகம் வீங்கி வந்து நிற்கும், காரணம் முப்பது வருஷம் முன்னாடி ஒரு கல்யாண வீடு என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சரி டாக்டர், இலையிலிருந்தே கறுப்பு வரவே வராதா என்று கேட்டால், வரும். வேற இலையிலிருந்து. அவுரி. நீலச் சாயம் எடுக்கிற அதே செடிதான். நம்ம திண்டிவனம் பக்கமே விளையுது. முதல் நாள் மருதாணி போட்டு அலசி, மறுநாள் அவுரிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து உடனே போட்டால் ஆரஞ்சின் மேல் நீலம் ஏறி அடர் பழுப்போ கறுப்போ வரும். இரண்டையும் கலந்து ஒரே தடவையில் போட்டால் பழுப்பு. அவுரியைக் குழைத்து வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போகக் கூடாது, கால் மணி நேரத்திலேயே வேகம் குறைய ஆரம்பிச்சுடும். வேலை அதிகம், மணம் சுமார், ஒவ்வொரு முறையும் ஒரே நிறம் வரும் என்று உத்தரவாதம் இல்லை. அவுரிப் பொடி என்ற பெயரிலும் கலப்படம் வருது, அதனால் இதையும் சோதித்துவிட்டுத்தான் போடணும். முக்கால்வாசி நரைத்து, பி.பி.டி. அலர்ஜியும் இருக்கிறவங்களுக்கு நான் சொல்ற வழி இதுதான்.

இரும்புச் சட்டியில் டீ டிகாக்ஷன் ஊற்றி ராத்திரி ஊறவைக்கிற வழக்கம் நம்ம வீடுகளில் உண்டு. அது மூடநம்பிக்கை இல்லை. டீயின் டானினும் சட்டியின் இரும்பும் சேர்ந்து கருமையான கூட்டுப்பொருள் உண்டாகும், ஆரஞ்சு கொஞ்சம் அடங்கிப் பழுப்பாகத் தெரியும். கறுப்பாகிவிடாது. லேசான சிவப்பு வேணும் என்கிற ஜெர்மன் மருமகளுக்கு இது தேவையே இல்லை, எவர்சில்வர் கிண்ணம் போதும். இப்படி இரும்பில் ஊறவைத்ததைப் போட்டவங்க அடுத்து பார்லரில் பிளீச் பண்ணப் போனால் முன்கூட்டியே சொல்லிடுங்க. உலோகம் படிந்த முடியில் பெராக்சைடு பட்டால் சூடாகி முடி உடையும்.

அப்ப மருதாணி நூறு சதவீதம் பாதுகாப்பா? இல்லை, இரண்டு விஷயம்.

ஒன்று, ஜி6பிடி குறைபாடு. ரத்தச் சிவப்பணுக்களைக் காப்பாற்றுகிற ஒரு நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும், ஆண்களிடம் அதிகம். அவங்களுக்கு லாசோன் தோல் வழியாக உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடைஞ்சு ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் வரலாம். பச்சிளம் குழந்தைகள் இப்படி உயிராபத்து வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கு. குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருக்கா என்று பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிந்திருக்காது. அதனால் கைக்குழந்தையின் கையிலோ காலிலோ மொட்டைத் தலையிலோ மருதாணி வேண்டாம். பாட்டி கோவிச்சுக்கிட்டா என் பேரைச் சொல்லுங்க. ஜி6பிடி குறைபாடு இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிற பெரியவங்களும் தவிர்த்திடுங்க.

இரண்டு, கலப்படம். சிவப்பு அதிகம் தெரிவதற்காக சோடியம் பிக்ரமேட் மாதிரி சாயங்களைப் பொடியில் கலக்கிறாங்க. நல்ல மருதாணிப் பொடி மந்தமான பச்சை, காய்ந்த இலை வாசம். ரொம்பப் பளிச்சென்ற பச்சை, பெட்ரோல் மாதிரி நெடி, கரைத்த உடனே கறுக்கிற தண்ணீர் என்றால் வைத்துவிடுங்க. கொல்லையில் செடி இருக்கிறவங்க பாக்கியவான்கள்.

எதைப் போட்டாலும், மருதாணியே ஆனாலும், புதுப் பாக்கெட் என்றால் முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தடவி, பாக்கெட்டில் சொன்ன நேரம் வைத்துக் கழுவி, 48 மணி நேரம் பாருங்க. அரிப்போ தடிப்போ வந்தால் பாக்கெட் குப்பைக்கு. "ஒரு செட்ரிசின் போட்டுட்டு டை போட்டுக்கலாமா டாக்டர்" என்று கேட்கிறவங்க வாரத்துக்கு ஒருத்தர் வர்றாங்க. கூடாது. மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் மறைக்கும், இந்த வகை அலர்ஜியைத் தடுக்காது.

டை போட்ட பிறகு தலை அரித்தால் காத்திருக்காமல் நிறைய தண்ணீர் விட்டு அலசிடுங்க. கசிவு, இமை வீக்கம் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்க. நாக்கு தடிச்சாலோ, குரல் மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ 108. தயிர் தடவுறேன், சந்தனம் பூசுறேன் என்று நேரம் போக்க வேண்டாம். டைப் பாக்கெட்டைக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்க, பி.பி.டி. வயிற்றுக்குள் போனால் தொண்டை வீக்கம், சிறுநீரகச் செயலிழப்பு வரை போகிற விஷம்.

பி.பி.டி. அலர்ஜி ஒருமுறை உறுதியானவங்க ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சீட்டில் அதை எழுதி வைத்துக்கோங்க. சில மரத்துப்போகும் களிம்புகள், சில சல்ஃபா மருந்துகள், அடர்நிறத் துணிச்சாயங்கள் கூட சிலருக்கு ஒத்துக்காமல் போகலாம். பல் டாக்டரிடமும் சொல்லணும்.

"மருதாணி முடியை வளர வைக்கும், இளநரையை மாத்தும்" என்பவங்களுக்கு ஒரு வரி: மாற்றாது. நிறம் உண்டாவது வேருக்குள், மருதாணி ஒட்டுவது வெளியே வந்த நாரில். 25 வயசுக்கு முன்னால் நரை வந்தால் பெரும்பாலும் பரம்பரைதான், ஆனாலும் பி12, தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துக்கோங்க.

டீச்சருக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் களிம்பும் கொடுத்தேன். கல்யாணத்தன்று வீக்கம் முக்கால்வாசி வடிஞ்சிருந்தது, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு முன்வரிசையில் நின்றதாகச் சொன்னாங்க. தோல் முழுசாக ஆறிய பிறகு, கையில் சோதித்துப் பார்த்துவிட்டு, அவங்க வீட்டுச் செடியின் இலையை அரைத்துப் போட்டுக்கிட்டாங்க. போன சனிக்கிழமை வந்தபோது காதோரம் செம்பு நிறம். "பசங்க கலர் பண்ணியிருக்கீங்களா மிஸ்னு கேக்குறாங்க டாக்டர்" என்று சிரிச்சாங்க. தலையில் ஒரு தடிப்பு கூட இல்லை.

திருச்சி அம்மா நேற்று ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க. வெள்ளைத் தாளில் நாலு முடிக்கற்றை, பக்கத்தில் பென்சிலால் நிமிஷக் கணக்கு. மருமகள் இருபது நிமிஷக் கற்றையைத் தேர்ந்தெடுத்திருக்காங்களாம். அம்மாவுக்கு மட்டும் பத்து நிமிஷத்தோடு நிறுத்திக்கலாமே என்று இன்னும் ஒரு சந்தேகம். அம்மா, முடி அவங்களோடது. இருபதே இருக்கட்டும்.